நூறு பேரில்

டவ்வேக்கு மதிப்பெண் போடுகிறேன்.
இருபது கேள்விகள்.
இல்லையென்றால் பூஜ்யம், ஓரளவென்றால் ஒன்று,
ஆமென்றால் இரண்டு.
ஜன்னலுக்கு வெளியே லேவார்டனின் கால்வாய்
உறைவதா வேண்டாமா என்று
மூன்று நாளாய் யோசித்துக்கொண்டிருக்கிறது.

குற்ற உணர்வின்மை: இரண்டு.
தங்கை புருஷனின் தாடையை உடைத்த இரவைக் கேட்டால்
புதுச் சட்டை வீணாகிப்போனதைச் சொல்கிறான்.
வழுக்கும் நாக்கு: இரண்டு.
முதல் நாளே
என் மோதிர விரலின் வெளுத்த வளையத்தைப் பார்த்து
"எத்தனை மாசமாச்சு?" என்றான்.
அதற்குத் தாளில் கட்டம் இல்லை.

இரக்கம் அறவே இல்லை என்று எழுதப்போன பேனா
கொஞ்சம் நின்றது.
பட்டறையில் எல்லோருடைய சைக்கிளையும்
இவன்தான் பழுதுபார்க்கிறான்.
வண்டியைத் தலைகீழாய்க் கவிழ்க்குமுன்
தன் சட்டையைக் கழற்றி மடித்து
இருக்கைக்கு அடியில் வைக்கிறான்,
கீறல் விழாதிருக்க.
ஒன்று போட்டேன்.
அடித்துவிட்டு இரண்டு போட்டேன்.
இரும்புக்குக் காட்டும் கருணை
கணக்கில் சேராது.

கோப்பின் ஒன்பதாம் பக்கத்தில் அவனுக்கு ஆறு வயது.
உருளைக்கிழங்குக் கிடங்கு, வெளியே தாழ்ப்பாள்,
உள்ளே விடியும்வரை இருட்டு.
இதோ காரணம் என்று கோடு கிழிக்கலாம்தான்.
ஆனால் அதே இருட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த
அண்ணன் ஹில்கே
டொக்குமில் ரொட்டி சுடுகிறான்.
காவல் நிலையப் படியை மிதித்ததில்லை.
கதவை மட்டும் எப்போதும் திறந்துவைத்தே தூங்குகிறானாம்.

கால்வாய்க்கு அக்கரையில், திறந்த வார்டில், யில்டவ்.
அவள் கோப்பின் நெற்றியிலும் அதே இரு சொற்கள்:
ஆளுமைக் கோளாறு.
யார்மேலும் ஒரு விரல் பட்டதில்லை.
கோபம் வந்தால் அவள் தேடிப்போகும் ஒரே எதிரி
அவளேதான்.
வாடகைக்கு வீடு கேட்டுப்போன ஏழு இடத்திலும்
சங்கிலியை மாட்டிக்கொண்டுதான் கதவு திறந்தது.
செய்தித்தாளில் யாரோ யாரையோ குத்தினால்
மறுநாள் அவளுக்குக் காப்பி ஊற்றும் கை நடுங்குகிறது,
ஊற்றுகிறவளுடைய கை.

என் பழைய கணவன் எந்தக் கோப்பிலும் இல்லை.
அணை வாரியத்தில் நீர்மட்டம் அளக்கிறவன்.
ஞாயிறு தவறாமல் தேவாலயம்.
பக்கத்து வீட்டு வாசலுக்கும் சேர்த்துப் பனி வாருவான்.
தூக்கம் வராத ஒரு ராத்திரி
இருபதையும் அவனுக்குப் போட்டுப் பார்த்தேன்.
நாலைத் தாண்டவில்லை.
என் இடது காது மட்டும்
இன்னமும் கொஞ்சம் மந்தம்.

கூட்டினால் முப்பத்தொன்று.
அறிக்கையை அவனிடம் வாசித்துக் காட்டவேண்டும், அது விதி.
வாசித்தேன்:
இத்தகைய நூறு பேரை வெளியே விட்டால்
ஐந்து வருடத்தில் நாற்பத்துநான்கு பேர்
மீண்டும் யாரையேனும் காயப்படுத்துவார்கள்.
விரல் நகத்திலிருந்த கிரீஸைச் சுரண்டியபடி கேட்டான்:
"நூறுல நான் எத்தனையாவது ஆளு?"

பதில் எழுத இடம் விடாத கேள்வி.
எனக்கு நூறைத் தெரியும்.
நூறுக்குக் குளிராது, பசிக்காது,
நாற்காலியில் முன்னும் பின்னும் ஆடாது.
ஒருவனைத் தெரியாது.
அப்படிக் கேட்டதுகூட என்னைக் கரைப்பதற்காக இருக்கலாம்.
சூழ்ச்சி: இரண்டு, ஏற்கெனவே போட்டாயிற்று.
அப்படி இல்லாமலும் இருக்கலாம்.
அந்த "லாம்" மேல்தான்
மாதாமாதம் எனக்குச் சம்பளம் வருகிறது.

கையெழுத்திட்டேன். இன்னும் இரண்டு வருடம் உள்ளே.
அவன் திட்டவில்லை, மேசையைத் தள்ளவில்லை.
"உங்க வண்டி பின் பிரேக் தேஞ்சிருந்தது,
மாத்திட்டேன்" என்றான்.

நாலரைக்கே இருட்டிவிட்டது.
கால்வாயின் ஓரங்களில் மட்டும்
கண்ணாடி போல் மெல்லிய தோல்.
பாலத்து மேட்டில் நின்று
பிரேக்கை அழுத்திப் பார்த்தேன்.
பிடித்தது.
இன்னொரு தடவை.
பிடித்தது.
இறங்குமுன்
மறுபடியும் அழுத்தினேன்.